விண்மீன்களின் நகர்வைக் கொண்டு பேரடை மையங்களில் கருந்துளையைத் தேடுதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

பால்வீதியின் மையம் தனுராசியின் திசையில், நமக்கு ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஜூன் மாத இறுதியில் நள்ளிரவை ஒட்டி அது கொழும்பின் தெற்கு வானில் 54 பாகை உயரம் வரை ஏறுகிறது. கெக் தொலைகாட்டிகள் நிற்கும் ஹவாயின் மௌனா கியாவில் அது 41 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அமைவிடத்தால் நமக்கு வாய்த்த இந்தச் சாதகத்தின் பெரும்பகுதியைத் தென்மேல் பருவக்காற்றின் முகிலும் நகரத்து வெளிச்சமும் எடுத்துக்கொள்கின்றன. அவை இரண்டும் இல்லாதிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்த மையத்தைக் காண வழியில்லை. இடையிலுள்ள தூசு, அங்கிருந்து புறப்படும் கட்புல ஒளியில் ஏறத்தாழ ஒரு மில்லியன் மில்லியனில் ஒரு பங்கை மட்டுமே நம்மிடம் விடுகிறது.

ஆனால் இத்துறையின் அவதானிப்புத் தரவுகளில் மிகப் பெரும் பகுதி இன்று எவரும் இறக்கிக்கொள்ளக்கூடியதாக உள்ளது. ஐரோப்பியத் தென் வான்காணகத்தின் காப்பகம், கெக் காப்பகம், ஹபிள் தொலைகாட்டியின் தரவுகள் வைக்கப்பட்டுள்ள மாஸ்ட் காப்பகம் ஆகியவற்றை வெள்ளவத்தையில் ஒரு மடிகணினியின் முன் இருந்துகொண்டே திறக்கலாம். உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படித்த ஒருவர், பைதன் மொழியில் ஓரளவு பழக்கம் இருந்தால், கீழ்வரும் படிகளில் முதல் நான்கையும் தனியாகவே செய்து முடிக்கலாம். ஐந்தாம் படிக்குப் பல்கலைக்கழக மட்டத்து இயக்கவியலும் பொறுமையும் வேண்டும்.

படி 1: எதை நிறுவப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளல்

ஒரு பேரடையின் மையத்தில் விண்மீன்கள் வேகமாக ஓடுகின்றன என்பது மட்டும் கருந்துளைக்குச் சான்றாகாது. சூரியனும் பால்வீதியின் மையத்தைச் சுற்றிச் செக்கனுக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்துக்குக் காரணம் இடையிலுள்ள கோடிக்கணக்கான விண்மீன்களும் வாயுவும் ஒளி வீசாத கரும்பொருளுமே அன்றி மையத்துக் கருந்துளை அல்ல. வட்ட ஒழுக்கில் செல்லும் ஒரு பொருளின் வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால், அந்த ஆரைக்குள் அடங்கிய மொத்தத் திணிவு கிடைக்கும். ஆகவே ஓர் அளவீடு நமக்குச் சொல்வது இரண்டு எண்களை: எவ்வளவு திணிவு, எவ்வளவு ஆரைக்குள். இத்துறையின் அரை நூற்றாண்டு வரலாறு, என் பார்வையில், இரண்டாவது எண்ணைச் சுருக்கிக்கொண்டே வந்த வரலாறுதான். திணிவு ஓரளவு முன்பே தெரிந்திருந்தது. அதை எவ்வளவு சிறிய இடத்துக்குள் பூட்ட முடிந்தது என்பதே ஒவ்வொரு கட்டத்திலும் சர்ச்சையைத் தீர்த்தது.

இடம் சுருங்கச் சுருங்க மாற்று விளக்கங்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. ஒரு பார்செக் (3.26 ஒளியாண்டு) ஆரைக்குள் சில மில்லியன் சூரியத் திணிவு இருக்கிறதென்றால், அது மங்கிய விண்மீன்களின் நெருக்கமான கொத்தாகவும் இருக்கலாம். அதே திணிவு சூரியக் குடும்பத்தின் அளவுக்குள் அடங்கியிருக்கிறதென்றால், நொதுமன் விண்மீன்களாலோ சிறு கருந்துளைகளாலோ ஆன எந்தக் கொத்தும் அங்கே நிலைத்திருக்க முடியாது; அவை ஒன்றோடொன்று மோதியும் ஒன்றையொன்று வெளியே வீசியும், பேரடையின் வயதோடு ஒப்பிட மிகச் சொற்பமான காலத்தில் கலைந்துவிடும். இந்தத் தர்க்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால், எந்த அளவீடு பயன் தரும், எது தராது என்பதை நீங்களே மதிப்பிடலாம்.

படி 2: செல்வாக்கு ஆரையைக் கணித்து இலக்கைத் தெரிதல்

தொடங்குவோர் பெரும்பாலும் தாண்டிவிடும் படி இது. கருந்துளை எவ்வளவு பெரியதாயினும், பேரடை முழுவதற்கும் அதன் ஈர்ப்பு ஆட்சி செய்வதில்லை. சுற்றியுள்ள விண்மீன்களின் வேகச் சிதறலை (வேகங்கள் சராசரியிலிருந்து விலகிப் பரவும் அளவை) விடக் கருந்துளையின் ஈர்ப்பு மேலோங்கும் எல்லையைச் செல்வாக்கு ஆரை என்பர். ஈர்ப்பு மாறிலியைக் கருந்துளையின் திணிவால் பெருக்கி, வேகச் சிதறலின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். திணிவைச் சூரியத் திணிவிலும், வேகத்தைச் செக்கனுக்குக் கிலோமீற்றரிலும், தூரத்தைப் பார்செக்கிலும் வைத்தால் மாறிலியின் பெறுமானம் 0.0043.

பால்வீதிக்குச் செய்து பாருங்கள். கருந்துளை 4.3 மில்லியன் சூரியத் திணிவு, வேகச் சிதறல் ஏறத்தாழ 100. ஆரை 1.8 பார்செக்குக்குச் சற்று மேல் வரும். நம்மிடமிருந்து பார்க்கும்போது அது ஏறத்தாழ 46 வில்செக்கன் (ஒரு பாகையின் 3,600 இல் ஒரு பங்கே ஒரு வில்செக்கன்). அந்திரொமீடா பேரடையான எம்31 இல் கருந்துளை ஏறத்தாழ 140 மில்லியன் சூரியத் திணிவு, சிதறல் 160 அளவு. ஆரை 23 பார்செக், கோணம் 6 வில்செக்கன். கன்னிப் பேரடைக் கொத்தின் மையத்திலுள்ள எம்87 பேரடையில் 6.5 பில்லியன் சூரியத் திணிவு, சிதறல் 330 அளவு. ஆரை 250 பார்செக்கைத் தாண்டும், கோணம் 3 வில்செக்கன். அதே கன்னிக் கொத்தில் 100 மில்லியன் சூரியத் திணிவுக் கருந்துளையைக் கொண்ட, சிதறல் 200 உடைய ஒரு சாதாரணப் பேரடையை எடுத்தால், கோணம் 0.13 வில்செக்கனாகச் சுருங்கிவிடும்.

நிலத்திலுள்ள தொலைகாட்டியின் பார்வையை வளிமண்டலத்தின் கலக்கம் நல்ல இரவிலும் அரை வில்செக்கனுக்கு மேல் மங்கச் செய்துவிடும். எனவே கடைசியில் சொன்ன பேரடையை ஹபிள் கொண்டோ, வளிமண்டலக் கலக்கத்துக்கேற்ப ஆடியை வளைக்கும் தகவமைப்பு ஒளியியல் பூட்டிய பெருந் தொலைகாட்டி கொண்டோ தவிர வேறெதனாலும் அணுக முடியாது. இந்தச் சிறு கணக்கைச் செய்யாமல் தரவை இறக்கினால், கருந்துளை அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரித் தோன்றும் நிறமாலைகளோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்ட நேரும். மொரட்டுவை கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்திலுள்ள 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி, வளிமண்டலமே இல்லாத இடத்தில் வைக்கப்பட்டிருந்தாலும், 2.2 மைக்ரோமீற்றர் செங்கீழ்க் கதிரில் 1.2 வில்செக்கனை விட நுண்ணிய எதையும் பிரித்துக் காட்டாது. அது அக்கருவியின் குறையன்று. விளிம்பு வளைவின் விதி. இந்த வேலைக்கு 8 முதல் 10 மீற்றர் ஆடிகள் தேவைப்படுவதும் அதனால்தான்.

படி 3: இரு வழிகளில் ஒன்றைத் தெரிதல்

விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தால், ஒவ்வொன்றின் ஒழுக்கையும் பின்தொடரலாம். பேரடை மையங்களில் இது இன்றுவரை பால்வீதிக்கு மட்டுமே கைகூடியிருக்கிறது. மற்ற எல்லாப் பேரடைகளிலும் கோடிக்கணக்கான விண்மீன்களின் ஒளி ஒன்றாகக் கலந்தே வருகிறது; அங்கே நாம் அளப்பது கூட்டத்தின் வேகப் பரம்பலை. வாயுத் தட்டுகளின் சுழற்சியை அளக்கும் மூன்றாவது வழியும் உண்டு. 1995 இல் என்ஜிசி 4258 என்ற பேரடையின் நீராவி மேசர்களை (நுண்ணலையில் லேசர் போல் ஒளிரும் வாயு முகில்களை) வானொலியில் அளந்த மியோஷி குழு, அவை கெப்ளர் விதிப்படியே சுழல்வதைக் காட்டி, ஏறத்தாழ 36 மில்லியன் சூரியத் திணிவைப் பெற்றது. அழகான முடிவு, ஆனால் அத்தகைய தட்டு சரியான சாய்வில் அமைவது அரிது. விண்மீன்களோ எல்லாப் பேரடைகளிலும் உண்டு, ஈர்ப்பைத் தவிர வேறெந்த விசையும் அவற்றை அவ்வளவாக அசைப்பதில்லை.

படி 4: எஸ்2 விண்மீனின் ஒழுக்கிலிருந்து திணிவைப் பெறல்

1974 இல் பாலிக்கும் பிறவுனும் பால்வீதி மையத்தில் ஒரு செறிந்த வானொலி மூலத்தைக் கண்டறிந்தனர். அதுவே சஜிட்டேரியஸ் ஏ* எனப் பெயர் பெற்றது. 1990களின் முற்பகுதியிலிருந்து ரைன்ஹார்ட் கென்செலின் குழு சிலியிலுள்ள தொலைகாட்டிகளாலும், 1995 முதல் அன்ட்ரியா கெஸ்ஸின் குழு கெக் தொலைகாட்டியாலும், அம்மூலத்தைச் சுற்றியுள்ள விண்மீன்களை ஆண்டுதோறும் படம்பிடித்தன. 2.2 மைக்ரோமீற்றர் செங்கீழ்க் கதிரில் தூசு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒளியையாவது விடுவதால் அந்த அலைநீளமே தெரியப்பட்டது. வளிமண்டலக் கலக்கத்தை வெல்ல, முதலில் மிகக் குறுகிய நேரப் படங்களைக் குவித்து அடுக்கும் முறையும், பின்னர் ஆடியின் வடிவத்தைக் கணத்துக்குக் கணம் திருத்தும் தகவமைப்பு ஒளியியலும் கையாளப்பட்டன. 2016 முதல் நான்கு 8.2 மீற்றர் தொலைகாட்டிகளின் ஒளியை ஒன்றிணைக்கும் கிராவிற்றி கருவி, ஒரு வில்செக்கனின் பல்லாயிரத்தில் ஒரு பங்கை விட நுட்பமாக இடம் குறிக்கிறது.

நீங்கள் படங்களிலிருந்தே தொடங்க வேண்டியதில்லை, தொடங்கவும் கூடாதென்பேன். நெருக்கமான புலத்தில் ஒவ்வொரு விண்மீனின் ஒளிப்புள்ளி வடிவத்தையும் பொருத்தி இடம் குறிப்பது தனிக் கலை. கில்லெசன் குழு 2017 இல் வெளியிட்ட, 25 ஆண்டுத் தொடர் அவதானிப்பைத் தொகுக்கும் கட்டுரையின் அட்டவணையை எடுங்கள். அதில் ஒவ்வொரு திகதிக்கும் விண்மீனின் கிழக்கு விலகல், வடக்கு விலகல், அவற்றின் வழுக்கள், சில திகதிகளுக்குப் பார்வைக்கோட்டு வேகம் ஆகியன உள்ளன.

முதலில் ஒரு கையடக்கக் கணக்கைச் செய்து, விடை எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். சஜிட்டேரியஸ் ஏ* ஐ நெருங்கிச் சுற்றும் எஸ்2 என்ற விண்மீனின் ஒழுக்குக் காலம் ஏறத்தாழ 16.05 ஆண்டு, ஒழுக்கின் அரைப் பேரச்சு 0.125 வில்செக்கன். தொலைவு 8,280 பார்செக் என்று வைத்தால், இரண்டையும் பெருக்க அரைப் பேரச்சு 1,035 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடைத்தூரமே ஒரு வானியல் அலகு) எனக் கிடைக்கும். கெப்ளரின் மூன்றாம் விதியின்படி, வானியல் அலகில் அளந்த அரைப் பேரச்சின் கனத்தை, ஆண்டில் அளந்த காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் சூரியத் திணிவில் விடை வரும். 1,035 இன் கனம் 1.109 பில்லியன், 16.05 இன் வர்க்கம் 257.6, விடை 4.3 மில்லியன். உயர்தர மாணவர் ஒருவர் கொப்பியின் ஒரு பக்கத்தில் செய்யக்கூடிய இக்கணக்கின் உள்ளடக்கத்துக்கே, அளந்த விதத்தின் கடினத்தையும் சேர்த்து, 2020 இன் பௌதிகவியல் நோபல் பரிசின் பாதி கென்செலுக்கும் கெஸ்ஸுக்கும் கிடைத்தது. மற்றப் பாதி ரொஜர் பென்ரோசுக்கு.

இப்போது அதே கணக்கைத் தொலைவு 8,000 பார்செக் என்று வைத்துத் திரும்பச் செய்யுங்கள். விடை 3.9 மில்லியனாகக் குறையும். தொலைவில் மூன்றரை வீத மாற்றம் திணிவில் பத்து வீத மாற்றத்தைக் கொண்டுவருகிறது, ஏனெனில் வானில் அளந்த கோணங்கள் மட்டும் இருக்கையில் திணிவு தொலைவின் கனத்துக்கு விகிதசமமாகும். இந்தப் பிணைப்பை அறுப்பது நிறமாலைதான். எஸ்2 இளம், வெப்பமான விண்மீன், 2.166 மைக்ரோமீற்றரில் அதன் ஐதரசன் கோட்டின் டொப்ளர் நகர்வு, பார்வைக்கோட்டு வேகத்தை நேரடியாகக் கிலோமீற்றரிலேயே தருகிறது. அதே ஒழுக்கின் குறுக்கு நகர்வோ கோணத்தில் கிடைக்கிறது. இரண்டும் ஒரே ஒழுக்கை விவரிக்க வேண்டும் என்ற நிபந்தனை தொலைவைத் தானாகவே நிர்ணயித்துவிடும்.

பொருத்தலில் பதின்மூன்று தெரியாக் கணியங்கள் வரும்: ஒழுக்கின் ஆறு மூலகங்கள், திணிவு, தொலைவு, இவற்றோடு ஆள்கூற்றுச் சட்டத்தின் வழுவைக் குறிக்கும் ஐந்து. கடைசி ஐந்தையும் பலர் அலட்சியம் செய்வர். செங்கீழ்ப் படத்தில் கருந்துளை நிலையான ஒளிப்புள்ளியாகத் தெரிவதில்லை. அது மங்கியும் இடையிடையே பளிச்சிட்டும் நிற்கிறது. அதன் துல்லியமான இடம் வானொலியில்தான் தெரியும். இரண்டு படங்களையும் இணைப்பவை, வானொலியில் மேசராகவும் செங்கீழ்க் கதிரில் ஒளிப்புள்ளியாகவும் தோன்றும் சில செம்பெரும் விண்மீன்கள். அந்த இணைப்பில் உள்ள சிறு பெயர்ச்சியையும் மெதுவான நகர்வையும் உங்கள் மாதிரி ஏற்றுக்கொள்ளாவிட்டால், அந்த வழு முழுவதும் திணிவின் தலையில் விழும். கெக் தரவையும் சிலித் தரவையும் ஒன்றாக்கிப் பொருத்த முயல்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரு குழுக்களின் ஆள்கூறுகளும் ஒன்றல்ல, இடையிலான விலகலுக்கும் தனிக் கணியங்கள் சேர்க்க வேண்டும்.

செயல்முறை இதுதான். ஒவ்வொரு திகதிக்கும், அண்மைப் புள்ளியைக் கடந்த நேரத்திலிருந்து கழிந்த காலத்தைக் கோணமாக்கி, அதிலிருந்து ஒழுக்கில் விண்மீனின் இடத்தைத் தரும் கெப்ளர் சமன்பாட்டை நியூட்டனின் முறையால் தீருங்கள். எஸ்2 இன் மையவகற்சித்திறன் 0.884, இவ்வளவு நீண்ட ஒழுக்கில் தொடக்க ஊகம் சரியில்லாவிட்டால் அம்முறை தடுமாறும் என்பதால், அண்மைப் புள்ளிக்கு அருகில் ஊகத்தை π (180 பாகை) கோணத்திலிருந்து தொடங்குவது பாதுகாப்பானது. கிடைத்த இடத்தை மூன்று கோணங்களால் சுழற்றி வானின் தளத்தில் எறியுங்கள். பின்னர் இழிவு வர்க்க முறையால் ஒரு முதல் தீர்வைப் பெற்று, அதைச் சுற்றி, கணியங்களின் இயலக்கூடிய பெறுமானங்களை எழுமாற்றாகத் துழாவும் மார்க்கோவ் சங்கிலி மாதிரியெடுப்பை ஓட்டுங்கள். பைதனில் எம்சீ என்ற பொதி இதற்குப் போதும். திணிவையும் தொலைவையும் அச்சுகளாகக் கொண்டு புள்ளிகளைக் குறித்தால், மேலே சொன்ன பிணைப்பு ஒரு சாய்ந்த நீள்வளையமாகக் கண்ணுக்குத் தெரியும். வேகத் தரவை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். அந்த நீள்வளையம் எவ்வளவு நீள்கிறது என்பதைக் கண்டால், நிறமாலையின் பெறுமதி விளக்கமின்றியே புரியும்.

சில நுணுக்கங்கள். பார்வைக்கோட்டு வேகங்கள் எல்லாம் சூரியனின் அயல் ஓய்வுச் சட்டத்துக்கு (சூரியனின் அயலிலுள்ள விண்மீன்களின் சராசரி ஓட்டத்தை ஓய்வாகக் கொள்ளும் ஆள்கூற்றுச் சட்டத்துக்கு) திருத்தப்பட்டவையா என்று அட்டவணையின் குறிப்பில் பாருங்கள். பூமி சூரியனைச் சுற்றும் வேகமே செக்கனுக்கு 30 கிலோமீற்றர். ஒழுக்கு பார்வைக் கோட்டில் சாய்ந்திருப்பதால், விண்மீன் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒளி நம்மை வந்தடையும் நேரம் சில நாட்களால் மாறும். அதையும் சேர்க்க வேண்டும். மையத்துக்கு மிக அருகில் எடுக்கப்பட்ட இடங்களை ஐயத்தோடு பார்க்க வேண்டும், ஏனெனில் அங்கே தெரியாத ஒரு மங்கிய விண்மீனோ கருந்துளையின் பளிச்சிடலோ எஸ்2 இன் ஒளியோடு கலந்து மையத்தை இழுத்துவிடும்.

2018 மே 19 அன்று எஸ்2 கருந்துளையிலிருந்து 120 வானியல் அலகு தூரத்தில், செக்கனுக்கு 7,700 கிலோமீற்றர் அளவு வேகத்தில் கடந்தது. அந்தத் திணிவுக்கான சுவார்ட்சில்ட் ஆரை (ஒளியும் தப்ப முடியாத எல்லையின் ஆரை) 13 மில்லியன் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, அதாவது 0.085 வானியல் அலகு. ஆக, 4.3 மில்லியன் சூரியத் திணிவை ஏறத்தாழ 1,400 சுவார்ட்சில்ட் ஆரைக்குள் இந்த ஒரே விண்மீன் பூட்டிவிட்டது. அந்தக் கடப்பின்போது ஈர்ப்பாலும் சார்பியல் வேகத்தாலும் வரும் செந்நகர்வு, செக்கனுக்கு 200 கிலோமீற்றர் அளவு, தெளிவாக அளக்கப்பட்டது. 2020 இல், ஒழுக்கின் அச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் 12 வில்நிமிடம் திரும்புவதும் உறுதியானது. உங்கள் நியூட்டன் மாதிரி 2018 ஐ ஒட்டிய வேகங்களைப் பொருத்த மறுத்தால் மனம் தளர வேண்டாம், மறுப்பதே சரி. 1995 முதல் 2018 வரையான கெக் தரவுகளை 2019 இல் துவான் டோவும் உடனாய்வாளர்களும் வெளியிட்டனர். இந்தச் சோதனைக்கு அதுவே பொருத்தமானது.

இன்னொரு சான்றையும் இங்கே சேர்க்க வேண்டும், காரணம் அது பலராலும் மறக்கப்படுகிறது. சுற்றியுள்ள விண்மீன்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் பறக்கையில், சஜிட்டேரியஸ் ஏ* மட்டும் அசையாமல் நிற்கிறது. ரீடும் புருந்தாலரும் கண்டம் அளாவிய வானொலி வலையமைப்பால் ஆண்டுக்கணக்கில் அளந்து, சூரியனின் ஓட்டத்தைக் கழித்த பின், பால்வீதித் தளத்துக்குச் செங்குத்தான அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்குள் அடங்குவதைக் காட்டினர். இலேசான பொருளாயின் அயலவர் அதை அங்குமிங்கும் தள்ளியிருப்பர். திணிவு அந்த வானொலி மூலத்திலேயே இருக்கிறது, அதைச் சூழ்ந்த கண்காணா மேகத்தில் அல்ல என்பதற்கு இது ஒழுக்குகளைச் சாராத சாட்சி.

படி 5: தொலைவுப் பேரடைகளில் கலந்த ஒளியைப் பிரித்தல்

தனி விண்மீன் தெரியாத இடத்தில் நிறமாலையின் உறிஞ்சற் கோடுகளே கருவி. ஒவ்வொரு விண்மீனும் தன் வேகத்துக்கேற்பக் கோட்டை இடம்பெயர்க்க, கோடி விண்மீன்களின் கூட்டுக் கோடு அகன்று தோன்றும். அகலம் வேகச் சிதறலையும், மையத்தின் பெயர்ச்சி சராசரிச் சுழற்சியையும், கோட்டின் சமச்சீரின்மையும் கூர்மையும் வேகப் பரம்பலின் வடிவத்தையும் தருகின்றன. 8,500 முதல் 8,660 ஆங்ஸ்ட்ரம் வரையுள்ள கல்சியம் மும்மைக் கோடுகளும், 2.29 மைக்ரோமீற்றரில் தொடங்கும் காபனோரொட்சைட்டுப் பட்டைகளும் இதற்கு மிகவும் ஏற்றவை.

புலம் முழுவதற்கும் ஒவ்வொரு புள்ளியிலும் நிறமாலை தரும் கருவிகளின் தரவை எடுங்கள். ஐரோப்பியத் தென் வான்காணகக் காப்பகத்தில் மியூஸ், சின்ஃபோனி ஆகியவற்றின் தரவுகள் உண்டு. மைக்கேல் கப்பெல்லாரி எழுதிய பிபிஎக்ஸ்எஃப் என்ற இலவசப் பொதி, விண்மீன் நூலகத்திலுள்ள மாதிரி நிறமாலைகளைக் கலந்து, அவற்றை அகலப்படுத்தி, உங்கள் நிறமாலையோடு பொருத்தும். கருவியே கோட்டை அகலப்படுத்தும் என்பதையும், அளந்த சிதறலின் வர்க்கம் உண்மைச் சிதறலின் வர்க்கமும் கருவியினதும் சேர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கருவியின் அகலம் செக்கனுக்கு 50 கிலோமீற்றராக இருக்கையில் 20 கிலோமீற்றர் சிதறல் கண்டேன் என்று எழுதுவது எவரையும் நம்பச் செய்யாது. நூலக விண்மீன்களின் வகை பொருந்தாவிட்டாலும் சிதறல் பொய்யாக மாறும். ஆகையால் இரண்டு நூலகங்களால் செய்து ஒப்பிடுங்கள்.

மையத்தை நோக்கிச் செல்லச் செல்லச் சிதறல் ஏறுகிறது என்ற வரைபு கிடைத்ததும் கருந்துளை கிடைத்துவிட்டது என்று தோன்றும். இங்கேதான் இத்துறையின் மிகப் பெரிய பொறி இருக்கிறது. பம்பலப்பிட்டிச் சந்தியில் காலி வீதியை நேரே நோக்கி நின்று, தன்னை நோக்கி வருபவற்றின் வேகத்தை மட்டும் அளக்கும் கருவி ஒன்றை வைத்திருப்பவருக்கு, குறுக்கு வீதியில் பாயும் வாகனங்களின் வேகம் பூச்சியமாகவே தெரியும். நிறமாலையும் அப்படியே, அது பார்வைக் கோட்டின் வழியேயான வேகத்தை மட்டும் அறியும். விண்மீன்கள் பெரும்பாலும் மையத்தை நோக்கி உள்ளும் வெளியுமாக ஊசலாடும் நீண்ட ஒழுக்குகளில் ஓடினால், கருந்துளையே இல்லாமலும் மையத்தில் சிதறல் உயர்ந்து காணப்படும்.

எம்87 இன் கதை இதற்குச் சரியான பாடம். 1978 இல் சார்ஜென்டும் யங்கும் தலைமை தாங்கிய இரு கட்டுரைகள், ஒளியின் குவிவையும் சிதறலின் ஏற்றத்தையும் கொண்டு ஏறத்தாழ 5 பில்லியன் சூரியத் திணிவுக் கருந்துளையை முன்வைத்தன. 1982 இல் பின்னியும் மமோனும் அதே தரவை, ஆரைத் திசைக்குச் சாய்ந்த ஒழுக்குகளால், கருந்துளை இல்லாமலே விளக்கிக் காட்டினர். 1994 இல் ஹபிள், மையத்து வாயுத் தட்டு சுழல்வதைக் கண்டு 2.4 பில்லியனைத் தந்தது. 2011 இல் கெப்ஹார்ட் குழு, தகவமைப்பு ஒளியியலோடு எடுத்த விண்மீன் தரவால் 6.6 பில்லியன் பெற்றது. 2013 இல் வாயுவை மீள அளந்த வால்ஷ் குழுவுக்கோ 3.5 பில்லியன்தான் கிடைத்தது. இருவரும் கவனமானவர்கள், இருவரின் வழு வரம்புகளும் ஒன்றையொன்று தொடவில்லை. 2019 ஏப்ரலில், உலகின் பல வானொலித் தொலைகாட்டிகளை இணைத்த நிகழ்வெல்லைத் தொலைகாட்டி வெளியிட்ட வளையப் படத்தின் விட்டம் 6.5 பில்லியனுக்குப் பொருந்தியபோது, விண்மீன்களின் பக்கமே சரி என்றாயிற்று. வாயு அழுத்தத்தாலும் கொந்தளிப்பாலும் தள்ளப்படும், தட்டின் சாய்வும் ஐயத்துக்குரியது. விண்மீனின் குறை அதன் ஒழுக்கு நமக்குத் தெரியாததே. தெரியாத அந்த ஒழுக்கையும் தரவிலிருந்தே கேட்டுப் பெற முடியும் என்பதுதான் அடுத்த கட்டம்.

அதற்கு முதல் கருவி, விண்மீன்களின் அடர்த்தியையும் சிதறலையும் ஈர்ப்போடு இணைக்கும் ஜீன்ஸ் சமன்பாடுகள். ஒழுக்குச் சாய்வை (ஒழுக்குகள் எவ்வளவு தூரம் ஆரைத் திசைக்குச் சாய்ந்தவை என்பதை) ஓர் எண்ணாக ஊகித்துக்கொண்டு திணிவைத் தரும். மடிகணினியில் நிமிடங்களில் ஓடும், பழகுவதற்கு உகந்தது, இறுதி முடிவுக்குப் போதாது. இரண்டாவது, 1979 இல் மார்ட்டின் சுவார்ட்சில்ட் அறிமுகம் செய்த ஒழுக்கு அடுக்கு முறை. (சுவார்ட்சில்ட் ஆரைக்குப் பெயர் தந்த கார்ல் சுவார்ட்சில்ட் இவரது தந்தை.) ஒரு திணிவை ஊகித்து, அந்த ஈர்ப்புப் புலத்தில் இயலக்கூடிய ஆயிரக்கணக்கான ஒழுக்குகளைக் கணினியில் ஓடவிட்டு, எந்த ஒழுக்கில் எவ்வளவு விண்மீன் இருந்தால் அளந்த ஒளியும் வேகப் பரம்பலும் ஒருங்கே பொருந்தும் என்று நிறைகளைத் தேடுவது இதன் சாரம். பின்னர் வேறொரு திணிவு, வேறொரு ஒளித்-திணிவு விகிதம், பார்வைக் கோட்டுக்குப் பேரடையின் வேறொரு சாய்வு என்று மீண்டும் மீண்டும். இந்த முறையில் பரம்பலின் சமச்சீரின்மை முதலிய உயர் கூறுகளே ஒழுக்குச் சாய்வை வெளிக்கொணர்வதால், சிதறலை மட்டும் நல்ல தரத்தில் அளந்து நிறுத்திவிடக் கூடாது. பேரடையைச் சூழ்ந்த கரும்பொருள் உறையை மாதிரியிலிருந்து விட்டுவிட்டால் வெளிப்பகுதித் திணிவு முழுவதும் விண்மீன்களின் கணக்கில் ஏறி, மையத்தில் கருந்துளையின் பங்கு குறைத்துக் காட்டப்படும். எம்87 இல் இது உண்மையாகவே நிகழ்ந்து, பின்னர் திருத்தப்பட்டது. கருவியின் மங்கலை மாதிரியின் மீது ஏற்றி ஒப்பிடுங்கள். தரவிலிருந்து மங்கலைக் கழிக்க முயல்வது இரைச்சலைப் பெருக்கும்.

படி 6: முடிவை எழுதுமுன் எதிர்க்கேள்விகள்

மையம் எது? எம்31 இல் ஒளி உச்சிகள் இரண்டு உள்ளன. பிரகாசமானதில் கருந்துளை இல்லை. கருந்துளையைச் சுற்றி நீண்ட ஒழுக்குகளில் ஓடும் விண்மீன்கள், தூரப் புள்ளியில் மெதுவாகிக் குவிவதால் அந்தப் பொய் மையம் தோன்றுகிறது என்று 1995 இல் ஸ்கொட் டிரெமெய்ன் விளக்கினார். ஒளியின் உச்சியையே மையமாகக் கொண்டு சிதறலை வரைந்திருந்தால் வரைபு முழுவதும் கோணியிருக்கும்.

கருந்துளை இல்லாத மாதிரியும் தரவோடு பொருந்துகிறதா? பொருந்தினால், மேலெல்லை என்று எழுதுங்கள். எம்33 பேரடைக்கு 2001 இல் கிடைத்த மேலெல்லை ஏறத்தாழ 1,500 சூரியத் திணிவு. பெரிய பேரடை எல்லாவற்றிலும் கருந்துளை உண்டு என்ற வசதியான எண்ணத்துக்கு இந்த எதிர்மறை முடிவு இட்ட வேலி, பல கண்டுபிடிப்புகளை விடப் பெறுமதியானது என்பது என் எண்ணம். உங்கள் அளவீட்டின் மிகச் சிறிய ஆரை, செல்வாக்கு ஆரையை விடப் பெரிதாக இருந்தால், கருந்துளையின் திணிவையும் பேரடையின் வேகச் சிதறலையும் இணைக்கும், 2000 இல் வெளியான திணிவு–சிதறல் தொடர்பிலிருந்து எடுத்த எதிர்பார்ப்பையே நீங்கள் திரும்ப எழுதிக்கொண்டிருக்கலாம். அதை அளவீடு என்று அழைக்க வேண்டாம்.

படி 7: அடுத்த பயிற்சி

எஸ்2 ஐ முடித்தவருக்கு ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தைப் பரிந்துரைப்பேன். கொழும்பின் தெற்கு வானில் அது 35 பாகைக்கு மேல் ஏறும். நகரை விட்டு விலகிய இருட்டில், ஏப்ரல், மே இரவுகளில், வெறுங்கண்ணுக்கு மங்கிய புள்ளியாகத் தெரியும். அது கொத்தாகக் கருதப்பட்டாலும், பால்வீதி விழுங்கிய ஒரு சிறு பேரடையின் எஞ்சிய மையம் என்பதே பலரின் எண்ணம். 2024 இல் ஹேபர்லே குழு, இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஹபிள் படங்களை ஒப்பிட்டு, மையத்தின் 3 வில்செக்கனுக்குள் ஏழு விண்மீன்கள், கொத்தை விட்டே தப்பியோடத்தக்க வேகத்தில் ஓடுவதைக் கண்டறிந்தது. தப்பியோடாமல் அவற்றைப் பிடித்து வைத்திருப்பதற்கு மையத்தில் குறைந்தது 8,200 சூரியத் திணிவாவது வேண்டும்.

இங்கே முழு ஒழுக்கு இல்லை, குறுக்கு வேகமும் எறியத் தூரமும் மட்டுமே உள்ளன. தப்பும் வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியின் இரு மடங்கால் வகுக்கும் எளிய சூத்திரத்தை ஒவ்வொரு விண்மீனுக்கும் பிரயோகியுங்கள். அளந்த வேகமும் தூரமும் உண்மைப் பெறுமானங்களை விடச் சிறியனவாகவே இருக்க முடியும் என்பதால், விடையும் கீழெல்லையாகவே அமையும். மையத்தின் இடத்தை ஒரு வில்செக்கனால் நகர்த்தி மறுபடியும் கணித்து, விடை எவ்வளவு ஆடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அத்திணிவு ஒரே கருந்துளையா, சிறு கருந்துளைகளின் பரந்த கூட்டமா என்பதில் விவாதம் தொடர்கிறது. எஸ்2 போல மையத்தை நெருங்கிச் சுற்றும் ஒரு விண்மீனின் வளைந்த பாதை, அதாவது வேகத்தோடு முடுக்கமும், அங்கே அளக்கப்படும்போதுதான் அது தீரும்.